பென்சில் கட்டிய கிற்றார்

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் இருக்கிறது. அரச அலுவலகங்களுக்கு வழங்கப்படும் சாதாரணப் பென்சில். ஒருவரும் சீவி எழுதியதில்லை. அதன் ஒரு பக்கத்தில் ஆறு பள்ளங்கள். கிற்றார் கம்பிகள் அழுத்தியவை.

எங்கள் தீவு அலுவலகத்தின் களஞ்சியக் காப்பாளர் அதைக் கிற்றாரின் கழுத்துக்குக் குறுக்கே வைத்து இறப்பர் வளையத்தால் இறுக்குவார். விரல்கள் பழைய பிடிகளையே பிடிக்க, சுருதி மட்டும் உயரும். நெடுந்தீவுக்காரர். அரச வேலை கிடைக்குமுன் யப்பானில் மீன் பதப்படுத்தும் ஆலையொன்றில் சில வருடங்கள் இருந்தவர். தொழிலாளர் விடுதியில் அந்நாட்டுப் பாட்டுகள் இருபதைப் பழகிக்கொண்டு வந்திருந்தார். மதிய இடைவேளையில் உடைந்த கதிரைகளுக்கு நடுவே இருந்து பாடுவார். அவசரமில்லாத, மெல்லிய பாட்டுகள். "நாலு பிடி தெரிஞ்சால் காணும் அண்ணை. சொல்லெல்லாம் வாய் திறந்து முடியுது, இழுத்துப் பாடச் சுகம்" என்பார். "உம்மடை பாட்டு நீர் அங்கை வெட்டின மீனுக்குத்தான் விளங்கும்" என்று அலுவலகச் சாரதி பகிடி பண்ணுவார். அவரும் சிரிப்பார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "இவ்வளவு வருஷமாப் பாடுறன். விளங்கிற ஒரு ஆளுக்கு முன்னாலை ஒருக்காப் பாடிப்போட்டால் காணும் அண்ணை."

குடிநீர்த் திட்டமொன்றைக் கையளிக்க யப்பானியர் சிலர் வருவதாக அறிவித்தல் வந்தது. அவர் பாட்டை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து அனுப்பினேன். மேலிடம் திருப்பி அனுப்பியது. பாடல் வரிகள், தமிழ் மொழிபெயர்ப்பு, அது சரியானதென்ற அத்தாட்சி, எல்லாம் மூன்று பிரதிகளில் வேண்டுமாம்.

"அண்ணை, இது பாட்டு. டெண்டர் இல்லை."

"நீர் எழுதித் தாரும். மிச்சத்தை நான் பார்க்கிறன்."

எழுதித் தந்தார். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க ரயில் நிலையத்துக்குப் போகும் ஒருவனைப் பற்றிய பாட்டு. ஒரு எழுத்தும் அறியாத மொழிக்கு, 'மொழிபெயர்ப்பு சரியானது' என்று முத்திரை குத்திக் கையொப்பமிட்டேன். அது ஏற்கப்பட்டது! அதே விழாவில் பிள்ளைகள் ஆடிய சினிமாப் பாட்டுக்கு எவரும் பொருள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழாவே நின்றிருக்கும்.

ஆனால் பாட்டை நன்றியுரைக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். ஊழியர் நிகழ்ச்சிக்கு இடம் அங்கேதானாம். நன்றியுரை முடிந்தால் விருந்தினர் எழும்பிவிடுவார்கள் என்பது கடைநிலை ஊழியருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆட்சேபிக்க ஒழுங்குவிதியின் எந்தப் பந்தியைக் காட்டவேண்டும் என்பதும் தெரியும். காட்டவில்லை.

அப்படியே நடந்தது. எல்லோரும் இறங்குதுறைக்கு நடந்தார்கள். அவர் பென்சில் கட்டிய கிற்றாரோடு பின்னால் ஓடிவந்து, துறையிலேயே நின்று பாடத் தொடங்கினார். முன்னே போனவர்கள் திரும்பினார்கள். வயதான யப்பானிய அம்மா ஒருவர் கைப்பையைச் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு வந்து எதிரே நின்றார். முதற் சரணத்தில் அவர் உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவதில் சேர்ந்து பாடினார். களஞ்சியக் காப்பாளர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போக்குவரத்துப் பொறுப்பு என்னுடையது. போய்ப் பாடிக்கொண்டிருந்தவரின் தோளைத் தொட்டேன். "காணும் தம்பி, படகு நேரம்."

எந்தப் படகு? அந்த விருந்தினருக்கென்றே ஒதுக்கிய படகு. அவர்களை விட்டுவிட்டு அக்கரைக் குறிகட்டுவான் துறைக்கு யாரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்? மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் கடல் வற்றியிருக்குமா? ஆயுள் முழுக்க ஒழுங்குவிதி படித்தவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த அம்மா இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் படகேறினார். படகு சிறுத்து மறையும்வரை களஞ்சியக் காப்பாளர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னும் ஒரு சரணம்தான் அண்ணை இருந்தது" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பென்சிலைக் கழற்றி என் கையில் வைத்தார். "அரசாங்கச் சாமான். நீங்களே வைச்சிருங்கோ." அதன்பின் களஞ்சியத்தில் கிற்றார்ச் சத்தம் கேட்கவில்லை.

இன்று கைபேசியில் தேடினால் அப்படிப்பட்ட பாட்டுகள் கிற்றார்ப் பிடிகளோடு வரிசையாக வருகின்றன. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. போன கிழமை அந்தப் பாட்டையும் கண்டுபிடித்தேன். இரண்டு சரணம் கேட்டேன். மூன்றாவது தொடங்குமுன் நிறுத்திவிட்டேன். அதில் ரயில் புறப்பட்டுவிடும். குடை அவன் கையிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பு சரியானது, கையொப்பமிட்டவன் நான். பென்சிலைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தேன்.