நைஸ் அக்கா

எங்கள் துணிக்கடையில் டிரையல் ரூம் வாசலில் நிற்பவரை எல்லோரும் நைஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். திரையை விலக்கிக்கொண்டு யார் வெளியே வந்தாலும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து "நைஸ்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் குறைவு.

"நைசாப் பேசியே தலையில கட்டிடுறீங்கக்கா" என்று கிண்டல் செய்வேன்.

"நான் எங்கடி பேசினேன், ஒரு வார்த்தைதானே சொன்னேன்" என்பார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தார், கட்டியும் கொடுத்தார். மகளின் மாமனார் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போன அக்கா, டீ கப், ஜன்னல் திரை, சம்பந்தியம்மாவின் கம்மல் என்று எதைப் பார்த்தாலும் நைஸ் என்றிருக்கிறார். வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அந்த வார்த்தை லத்தீன்லேருந்து வந்தது சம்பந்தியம்மா. அங்க அதுக்கு, ஒண்ணும் தெரியாதவங்கன்னு அர்த்தம். ரொம்ப காலம் முட்டாளைத்தான் அப்படிச் சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் எப்படியோ அதுவே பாராட்டா மாறிடுச்சு."

அவர் குத்திக் காட்டவில்லை, பாடம் நடத்தினார். அக்காவைக் கூனிக்குறுக வைத்தது அதுவல்ல. "அப்ப அம்மாவுக்குப் பொருத்தமான வார்த்தைதான்" என்று முதலில் சிரித்தது மகள். டீயைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னபோதும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து அக்கா தலையை மட்டும் ஆட்டுகிறார். "வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்று மேனேஜர் கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

நேற்று மகள் கடைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்க வேண்டும், வாய்தான் வரவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போட்டுக்கொண்டு வெளியே வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். சட்டை தோளில் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது, அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா?

"எப்படிம்மா இருக்கு? ஒரு வார்த்தை சொல்லும்மா."

அக்கா கையிலிருந்த ஹேங்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

மகளின் முகம் செத்துவிட்டது. திரைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.