முப்பது மார்க் அடைப்பு

என்னுடைய தேங்காய்த் துருவியை மகன் பரணில் ஏற்றியது, என் வீட்டுக்காரரின் நினைவு ஜெபம் நடந்த அன்று சாயங்காலம். வந்தவர்கள் சாப்பிட்ட இலைகூட இன்னும் வெளியே போகவில்லை. நான் அடுக்களையில்தான் நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினான், வைத்தான், இறங்கினான், கையைத் தட்டினான்.

"இனிமே இந்த வீட்டுல தேங்காய் கிடையாதும்மா. அத்தை சொன்னது சரிதான்."

அத்தை என்றால் என் நாத்தனார், அவருடைய தங்கை. ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கண்ணனுக்கு என்ன சாகுத வயசா? தினமும் சொதி, அவியல், துவையல்னு தேங்காயா அரைச்சு ஊத்தினா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? மைனி கைருசி, மைனி கைருசின்னு நாமளும் நக்கிட்டுத்தான இருந்தோம்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாழ்க்கைப்பட்டதோ பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு வாத்தியார் இருக்கிற குடும்பத்தில். நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் திருத்துவார். திருத்தித் திருத்தி, நாலு பேர் முன்னால் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது. அவருடைய மேசை டிராயருக்குள் இருந்தது. சொல்லாமல் டம்ளர் கழுவினேன். அந்தக் கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். அவர் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் கோயில் படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கை நரம்பில் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு இடத்தில் முப்பது சதவீதம் அடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். தினமும் ஒரு மாத்திரை, விடாமல் போட வேண்டும். ஈறெல்லாம் வீங்கியிருக்கிறது, பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சொன்னது இரண்டே காரியம்.

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ஓய்வுபெற்ற குமாஸ்தா அவர்.

"என்ன சார், ரிசல்ட் வந்துட்டா?"

"வந்துட்டுவே. முப்பது மார்க். பாஸ் மார்க் எவ்வளவு? முப்பத்தஞ்சு. அடைப்பு பெயிலாயிட்டு!"

"அப்போ மறுபடியும் பரீட்சை எழுத வருமோ?"

"வரட்டும்வே. நான் பெயில் போடாத ஆளா?"

தெருவே சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷம் வாத்தியாராக இருந்து பேப்பர் திருத்திய மனிதருக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் மார்க்தான். பாஸ் மார்க்குக்குக் கீழே இருந்தால் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கமாட்டார். பல் விஷயத்திலும் அதே பிடிவாதம். காலையில் வாஷ்பேசினில் துப்பினால் தண்ணீர் சிவந்து ஓடும். தலையணை உறையைத் துவைக்கும்போது பழுப்பாகக் கறை இருக்கும். நான் பைய ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"பல் டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா?"

"அவன் பிடுங்கிப் போட்டுருவான்ளா. அப்புறம் கோயில்ல வேதபாடம் யாரு வாசிப்பா, நீ வாசிப்பியா?"

அதோடு என் வாய் அடைத்துப்போனது.

அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் இல்லை. பாதி தேய்த்த அந்தச் சட்டையை நான்தான் மடித்து வைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், நினைவு ஜெபத்துக்குப் பத்திரிகை அடிக்க அவர் போட்டோ வேண்டும் என்றார்கள். மேசை டிராயரைத் திறந்தேன். சாக்பீஸ் துண்டு, சிவப்புப் பேனா, அதற்கு அடியில் மாத்திரை அட்டைகள். விடைத்தாள் கட்டுப்போல ரப்பர் பேண்டு போட்டு, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஒரு அட்டைகூடப் பிரியவில்லை. மாதம் தவறாமல் என் மகன் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தவை. அவரும் மாதம் தவறாமல் வாங்கி, "சரிலே" என்று சொல்லி, டிராயரில் போட்டிருக்கிறார்.

டிராயரை மூடினேன். இறந்தவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது, ஊரே சார் சார் என்று கும்பிட்ட மனிதரைப் பற்றி அடக்கம் பண்ணின மறுநாளே அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக, நான் அரைத்த தேங்காய்தான் அவரைக் கொன்றது என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டேன். ஏழு மாதம் காலையில் ஓட்ஸ் கஞ்சி. சொந்த வீட்டு அடுக்களையில் நான் எதைத் தொட்டாலும் மகன் எட்டிப் பார்ப்பான். மருமகள் ஸ்கூலில் வேலைக்குப் போகிறவள், பாவம், அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அவளும் எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு நாள் வாஷ்பேசினில் அதே சிவப்பைப் பார்த்தேன். மகன் பல் தேய்த்துவிட்டுப் போயிருந்தான்.

அவன் கங்கைகொண்டானில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அங்கே செய்த சோதனையில் கொழுப்பு கூடுதல் என்று வந்து, இருதய டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மருமகளுக்கு லீவு இல்லை. துணைக்கு நான் போனேன். டாக்டர் ஒரு பெண்பிள்ளை. ஸ்கேன் படத்தைப் பார்த்து, சின்ன அடைப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறது, இருபது சதவீதம் இருக்கும் என்றாள். மகன் நிம்மதியாக மூச்சு விட்டு, செல்போனை எடுத்துக்கொண்டான். டாக்டர் மாத்திரை எழுதினாள். "ஈறு மோசமா இருக்கு, பல் டாக்டரைப் பாருங்க" என்றாள்.

அதே இரண்டு காரியம். மகன் செல்போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். என் நாக்கு எப்படி எழும்பியதென்று எனக்கே தெரியவில்லை.

"டாக்டரம்மா, முப்பது மார்க்குக்கு ஆளு செத்துப்போவாகளா?"

அவள் சிரிக்கவில்லை. விசாரித்தாள். டிராயரில் கிடந்த மாத்திரை உட்பட எல்லாம் சொன்னேன். ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி வரைந்து காட்டினாள்.

"அடைப்பு எவ்வளவு பெருசுங்கிறது மட்டும் இல்லம்மா. உள்ள கொழுப்பு, அதுக்கு மேல மூடினாப்புல ஒரு தோலு. அந்தத் தோலு கெட்டியா இருக்கா, மெலிஞ்சு போச்சாங்கிறதுதான் முக்கியம். நம்ம உடம்புக் காவல் செல்லுங்க அந்தக் கொழுப்புக்குள்ள போய் உக்காந்திருக்கும். அதுங்க மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. இருட்டுல தடவிப் பாக்குத கைன்னு வச்சுக்கிடுங்க. கிருமியோட துணுக்கு பட்டாலும் அதுக்குத் தெரிஞ்சிரும். கெட்டுப்போன கொழுப்பையும் கிருமின்னே நினைச்சுக்கிடும். உடனே அந்தச் செல்லு கோவப்பட்டு, சதையைக் கரைக்குத சாறை விடும். எதிரியைக் கொல்லத்தான் விடுது, ஆனா கரையுதது மூடியிருக்க தோலு. அது கிழிஞ்சா அங்கன ரத்தம் உறைஞ்சு, அந்த முப்பது கொஞ்ச நிமிசத்துல நூறாயிரும்."

"ஈறு?"

"வருசக்கணக்கா ஈறு சீழ் பிடிச்சுக் கிடந்தா, அந்தக் கிருமித் துணுக்கு ரத்தத்துல போயிட்டே இருக்கும். அந்தக் கைகளுக்கு ஓய்வே கிடையாது."

"அந்த மாத்திரை?"

"கொழுப்பையும் குறைக்கும், அந்தக் கொதிப்பையும் தணிக்கும். தோலு கெட்டிப்படும்."

எனக்குப் புரிந்தது. நான் பிறந்தது சேரன்மகாதேவியில். எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரை உடைந்தபோதெல்லாம் தண்ணீர் பெருகி உடைந்ததில்லை. பாதி வாய்க்கால்தான் ஓடும். நண்டு வளை தோண்டிக் கரையை உள்ளுக்குள் தின்றிருக்கும். வெளியே புல் பச்சையாக நிற்கும். அப்பா கரையில் நடந்து, கால் பதிகிற இடத்தில் மண்ணை மிதித்துப் பார்ப்பார். தண்ணீர் எத்தனை அடி என்று அவர் அளந்து நான் பார்த்ததில்லை.

"அப்போ தேங்காய் கொல்லலியா?" என்று கேட்டேன்.

"அளவாச் சாப்பிடணும்மா. தேங்காயில இருக்க எண்ணெய்க்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அவுகளுக்கு எதனால கிழிஞ்சுதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மாத்திரையும் பல்லும் அவுக கையில இருந்த காரியம்."

அவர் கையில் இருந்த காரியம். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மகன் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்தான்.

"இருபதுதான் அத்தை! அப்பாவைவிடப் பத்து மார்க் கம்மி."

"தேங்காயை நிறுத்தினம்லா, அதான். நான் சொன்னப்போ உங்கம்மை மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டா."

"பல் டாக்டராம். அதெல்லாம் பெறவு பாப்போம், லீவு இல்ல."

அப்பாவின் சிரிப்பு அப்படியே அவன் முகத்தில் இருந்தது. நான் உள்ளே போனேன். டிராயரை அப்படியே உருவி எடுத்து வந்து, அவர்கள் முன்னால் மேசையில் கவிழ்த்தேன். சாக்பீஸ் உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. கட்டுக் கட்டாக அட்டைகள்.

"என்னதும்மா இது?"

"நீ வாங்கிக் கொடுத்ததுதாம்லே. ஒண்ணாவது பிரிஞ்சிருக்கா பாரு. முப்பது மார்க், பெயிலு, பெயிலுன்னு சொல்லிச் சொல்லி அவிய போடவே இல்ல. இப்போ நீ இருபதுன்னு சிரிக்கியே, நாளைக்கு உன் சட்டையையும் நான்தான் மடிச்சு வைக்கணுமா?"

மகன் ஒரு கட்டை எடுத்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆனது. எனக்கு இரக்கம் வரவில்லை.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "ஏன் மைனி, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"உங்கண்ணன் பேரு கெட்டுரக் கூடாதுன்னு இருந்தேன். நீ என் பேரைக் கெடுத்துட்டுக் காப்பி குடிச்ச."

அவள் எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

டாக்டர் எழுதிய மாத்திரையையும் தண்ணீரையும் மகன் முன்னால் வைத்தேன். போட்டான். வாயைத் திறந்து காட்டு என்றேன். ஐம்பதை நெருங்குகிறவன், அத்தை முன்னால் வாயைத் திறந்து காட்டினான். நாளைக்குப் பல் டாக்டர், லீவு போடு என்றேன். தலையை ஆட்டினான்.

"ஸ்டூலைப் போடு. துருவியை இறக்கு."

இறக்கித் தந்தான். அதன் பல்லெல்லாம் துருப்பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அரை மூடி தேங்காய், அதற்கு மேல் இல்லை. டாக்டர் சொன்னபடி அளவாகத்தான் துருவினேன்.

கூடத்துச் சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. பல் தெரியச் சிரிக்கிறார். ஜெபத்தில் எல்லாரையும் மன்னிக்கச் சொல்கிறார்கள். நாத்தனாரைக்கூட மன்னித்துவிடுவேன். இவரிடம் இன்னும் பேச்சு இல்லை.