மெஹருன்னிசா டீச்சருக்கு நான் கொடுத்த விசா

மெஹருன்னிசா டீச்சருக்குத் துபாய் விசா வந்துவிட்டது என்று கிளப்பிவிட்டவன் நான்தான். அப்படி ஒரு விசா கிடையவே கிடையாது. அந்தப் பொய்யில் ஏறி உட்கார்ந்துதான் நான் கல்விச் செயலாளர் ஆனேன்.

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். நானும் கண்ணாடி முன் நின்று சுளித்துப் பார்த்தவன்தான். என் முகத்துக்கு அது பொருந்தவில்லை.

எங்கள் அறிவியல் கழகம் ஒன்றும் பெரிய அமைப்பில்லை. பூதலூரிலிருந்து பூம்புகார் வரை சிதறிக் கிடந்த வாத்தியார்கள், கொஞ்சம் விவசாயிகள், ஒரு மருந்துக்கடைக்காரர். ஆனால் அதன் கல்விச் செயலாளர் என்றால்... ஊர் ஊராகப் போகலாம், மைக் பிடிக்கலாம், பிள்ளைகளுக்கு வியாழன் கிரகத்தைக் காட்டலாம்! பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த மதிப்பு ஒன்றே ஒன்றுதான்: ‘கலியபெருமாள் சார் வந்தா சிரிக்கலாம்.’ ஆண்டுவிழாவில் நாற்காலி போடும் குழுவுக்குக்கூட என்னை எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒரு தடவையாவது நாலு பேர் எனக்காகக் கை தூக்க மாட்டார்களா என்ற ஏக்கம் உங்களுக்கு இருந்ததில்லையா? பொய் சொல்லாதீர்கள். அது என் துறை.

கழகத்தில் ஒரு வழக்கம். பதவிக்கு நிற்பவர் பேசி ஓட்டுக் கேட்கக் கூடாது. ஏதாவது ஒரு கிராமத்தில், அங்கே கிடைக்கிற பொருளை வைத்து, அந்த ஊர்க்காரர்களுக்கே ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு உறுப்பினர்கள் கை தூக்கினால் முடிந்தது. அந்தத் தடவை நின்றவர்கள் இரண்டே பேர். நான், பூம்புகார்ப் பக்கத்துப் பள்ளியில் தாவரவியல் நடத்திய மெஹருன்னிசா.

முதலில் நான். தம்ளர் நிறையத் தண்ணீர், வாயை மூட ஓர் அட்டை, அப்படியே கவிழ்த்தால் காற்றழுத்தம் தாங்கிக்கொள்ளும், ஒரு சொட்டுச் சிந்தாது. சின்னப் பிள்ளைகள் செய்வது! காற்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் கைதான் உதறியது. மொத்தத் தண்ணீரும் கழகத் தலைவர் மடியில். ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்து அவர். ஒரு வாளித் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டார். மூழ்கியது. உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். முட்டை மெல்ல எழும்பித் தலை காட்டியது. “முட்டை அதேதான். அப்ப மாறுனது எது, சொல்லுங்க பாப்போம்?” என்று கேட்டுக்கொண்டே அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டினார். பதர் எல்லாம் மேலே வந்தது. “அடியாத்தீ, நான் வச்சிருந்த வெதையில இவ்வளவு பதரா!” என்று ஓர் அம்மா வாளிக்குள்ளேயே விழப் பார்த்தார். அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி. யாரும் சிரிக்கவில்லை. என் பதவி அந்த வாளியில் மிதப்பதைப் பார்த்தேன்.

அடிபம்பில் கை கழுவும்போது தங்கராசு பக்கத்தில் வந்தான். அவனும் உறுப்பினர்தான்.

“என்ன சார், டீச்சர் தூள் கெளப்பிட்டாங்க. நீங்க தலைவரக் குளிப்பாட்டிட்டீங்க!”

“கெளப்பி என்னய்யா பண்றது? விசா வந்தாச்சாமே. அடுத்த மாசம் துபாய்.”

“நெசமாவா?”

“அவங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்காரு?”

அவ்வளவுதான் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்தேனா? இல்லை. உங்களிடமாவது நேராகச் சொல்கிறேன்... வேலை செய்யும் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த வருடங்களில் தெருவுக்கு நாலு பேர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். விசா என்று சொன்னால் போதும், எவரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். அறிவியல் கழகத்திலும் கேட்கவில்லை!

சாப்பிட்டு முடிவதற்குள் செய்தி பந்தி முழுக்கப் பரவிவிட்டது. தலைவர் ஈர வேட்டியோடு எழுந்தார். வெல்பவருக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரே சால்வையைப் பிரித்தார். டீச்சரை முன்னால் அழைத்துப் போர்த்தினார். பாடம் நடத்தியதற்குத்தான் பாராட்டு என்று நினைத்து அவர் சிரித்தபடி குனிந்தார்.

“விசா வந்துருச்சாமே, ரொம்ப சந்தோஷம்மா. போயிட்டு நல்லபடியா வாங்க.”

கைதட்டல். டீச்சர் வாயைத் திறந்தார். இல்லை என்று ஒரு சொல்... அதோடு நான் செத்தேன்! சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். “சரிங்கய்யா” என்றார்.

பிறகு எனக்காக எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஏன் மறுக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. துபாயில் அவர் கணவருக்கு வேலை போயிருந்தது. நாத்தனார் கல்யாணம் முடியும்வரை அது வெளியே கசியக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். விசா வரவில்லை என்றால் அடுத்த கேள்வி, ஏன் வரவில்லை? வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்? என் பொய்யை உடைக்க அவர் தன் வீட்டு உண்மையை உடைக்க வேண்டியிருந்தது. அவர் உடைக்கவில்லை. கழகத்துக்கு வருவதைத்தான் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் கேளுங்கள், நான் மோசமான செயலாளர் இல்லை! போகாத ஊர் இல்லை. பிள்ளைகள் என்னை விடவே மாட்டார்கள். எந்தப் பாடத்துக்கு அதிகக் கைதட்டல் தெரியுமா? முட்டை, உப்பு, விதைநெல். ஆமாம், அதையும் எடுத்துக்கொண்டேன். யாரிடம் கற்றது என்று ஓர் ஊரிலும் சொல்லவில்லை. பதவியைத் திருப்பிக் கொடுத்தேனா? மாட்டேன். இப்போதும் நான்தான் செயலாளர்.

சென்ற மாதம் மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் தலைவரோடு நின்றிருந்தேன். எதிரே மெஹருன்னிசா டீச்சர், கையில் விடைத்தாள் கட்டு. நான் ஓடுவதற்குள் தலைவர் அவரைப் பார்த்துவிட்டார்.

“அடடே, டீச்சரம்மா! துபாய்லேருந்து எப்ப வந்தீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

“சாரையே கேளுங்கய்யா. என் விசா வெவரமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். இதுதான் தருணம், இல்லையா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருப்பீர்களா?

“லீவுல வந்துருக்காங்கய்யா,” என்றேன். “அடுத்த வாரம் திரும்புறாங்க.”

இரண்டாம் முறையும் நானே அனுப்பி வைத்தேன்.

பூம்புகார்ப் பேருந்து வந்தது. விடைத்தாளை அணைத்தபடி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். “நல்லபடியா போயிட்டு வாங்கம்மா!” என்று தலைவர் கையாட்டினார். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டு எண்ணுகிறவரைப் போல.

நானும் கை தூக்கினேன்.