சம்பல் கிண்ணத்தில் ஒரு கிளித்தட்டு

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் போனபின் நான் இருந்தேன். சமையல்கார அண்ணை இருந்தார். என் மகள் இருந்தாள். அவள் புறநகரான பொபினியில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி ஆடுகிறாள். மறுநாள் மோத வேண்டிய அணி, போனமுறை இவர்களை அறுபதுக்குப் பூச்சியம் என்று அடித்த அணி. கோட்டைத் தாண்டி ஒருமுறை பந்தை வைத்தால் நான்கு புள்ளி. எனக்கு அந்த ஒருமுறை போதும்.

சம்பல் கிண்ணங்களை மேசையில் வரிசையாக வைத்தேன்.

"ஊரிலை கோட்டிலை நிண்டு மறிச்சு விளையாடுற கிளித்தட்டு மாதிரித்தான். நீ இடப்பக்கம் ஓடிக் காட்டு. மறிக்கிறவை எல்லாரும் அங்கை வருவினம். பந்தை வலப்பக்கம் குடு."

"அப்பா, அவையள் ஒவ்வொருத்தரும் உங்களைவிட ரெண்டு மடங்கு."

"பெரிய உடம்பு திரும்ப நேரம் செல்லும்."

அண்ணை சிரித்தார். "கோப்பை கழுவுறவர் இப்ப கோச்சாம், பிள்ளை!"

மறுநாள் ஆட்டம் முடியும் நேரத்தில் மகள் இடப்பக்கம் ஓடினாள். மூன்று பேர் அவள்மேல் விழுந்தார்கள். அதற்குள் பந்து வலப்பக்கம் போய்விட்டது. அங்கே மறிக்க ஆளில்லை. வாங்கிய பிள்ளை தனியே ஓடிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்த அண்ணை என்னை அப்படியே தூக்கிவிட்டார்.

அறுபத்திரண்டுக்கு நான்கு.