அப்பாவின் பெயர்க்காரர்கள்

என் அப்பாவுக்கு வில்சன் என்று பெயர். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வைத்த பெயர் என்று அம்மா சொல்வாள். செலியமேட்டில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு தடவை அம்மா அவரை டயாலிசிஸுக்காகப் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் அழைத்துப்போவாள். திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். 

காலேஜில் படித்த சித்தி ஒரு நாள் போனில் அப்பாவின் பெயரைத் தேடிக் காட்டினாள். வெள்ளைக்காரர்களிடம் அது குடும்பப் பெயராம். ஒரு ஜனாதிபதி, ஒரு பிரதமர், விஞ்ஞானிகள், பாட்டுக்காரர்கள், பந்து விளையாடுகிறவர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. இதைக் காட்டினால் அப்பா எழுந்து உட்காருவார் என்று நினைத்தேன். சித்தியைப் படிக்கச் சொல்லி, அத்தனை பேரையும் நோட்டில் தமிழில் எழுதினேன்.

பெயர்களுக்குப் பக்கத்தில் வருஷம் போட்டிருந்தது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இரண்டு வருஷம்; விளையாட்டுக்காரர்கள் பலருக்கு ஒன்றுதான். பெரிய ஆட்களுக்கு மட்டும் இரண்டு போடுவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கடைசி வரியில் அப்பாவைச் சேர்த்தேன். ஆதார் அட்டையைப் பார்த்துப் பிறந்த வருஷத்தை எழுதினேன். அவருக்கு ஒன்றோடு நிறுத்த மனம் வரவில்லை. ஒரு கோடு போட்டு, அப்போது நடந்துகொண்டிருந்த வருஷத்தையும் எழுதிவிட்டேன்.

அப்பா நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜனாதிபதியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இத யாரு எழுதச் சொன்னது?"

"நானேதாம்பா. பெரிய ஆளுங்களுக்கெல்லாம் ரெண்டு இருக்குது."

எட்டிப் பார்த்த அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "எழுதுற எழுத்தாடி இது?" என்று நோட்டைப் பிடுங்கப் போனாள். அப்பா கொடுக்கவில்லை.

"வுடு. அதுக்கு இன்னா தெரியும்? என்னையும் பெரிய ஆளுங்களோட சேத்து வச்சிருக்குது" என்றார். என்னிடம், "எழுத்து நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா அடுத்த வருஷம் மாசியில்தான் போனார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய புத்தாண்டுக் காலை. சர்ச்சில் பூசை முடிந்து வந்தோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ எழுதுன அந்த வருசம் போயிட்சுடி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். புது வருஷம் பிறந்ததற்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேக் எப்போது வாங்குவோம் என்று கேட்டேன்.