பிரிட்ஜில் மாட்டிக்கொண்ட காலை

சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஆபீஸ் சர்வருக்குள், பில் அடிப்பதற்கென்று, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது. இன்று காலை இரண்டும் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒரே பெட்டிக்குள் குடியிருந்துகொண்டு இவ்வளவு வீம்பு. பில் அடிக்க வழியில்லாமல் லாரிகள் வாசலில் நின்றன.

மாடியில் நெட்வொர்க் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன். பினாங்குத் தீவிலிருந்து நான் வந்து சேர்ந்தது தெரியாமல் கீழேயிருந்து முதலாளி போன் செய்தார்.

"என்னாச்சு தம்பி?"

"பிரிட்ஜுலதான் பிரச்சனைண்ணே. ஒன்னும் போவ மாட்டேங்குது."

"பினாங்கு பிரிட்ஜ் எப்பவும் ஜேம்தான் லா. மெதுவா வா."

நான் சொன்னது சர்வரையும் மெஷினையும் இணைக்கும் நெட்வொர்க் பிரிட்ஜை. விளக்குவதற்குள் வைத்துவிட்டார்.

யாரோ பிரிட்ஜை வைஃபையோடு கோத்திருந்தார்கள். கேபிளுக்கு மாற்றினேன், இரண்டும் ராசியாகிவிட்டன.

கீழே இறங்கினால், "அதுக்குள்ள வந்துட்டியா? ஜேம் விட்டுருச்சா?" என்கிறார் முதலாளி.

ஒரே கட்டடத்தில் இருக்கும் எங்கள் இருவருக்கும் எந்த செட்டிங்கை மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.