பெயர் சொல்லாத மன்றாட்டுகள்

அந்த வருடம் விபூதிப் புதனன்று எங்கள் பங்குக் குரு பிரசங்கத்தில் ஒரு காணியைப் பற்றிப் பேசினார். புல்லும் முள்ளும் மண்டிய நிலத்தில் நல்ல விதை போட்டாலும் எழும்பாது, ஆகவே இந்தத் தவக்காலத்தில் ஒவ்வொருவரும் தமக்குள் வளர்ந்திருக்கும் களையில் ஒன்றையாவது வேரோடு பிடுங்க வேண்டும் என்றார். கொட்டாஞ்சேனையில் மாடிக்கு மேல் மாடியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த எங்களில் காணி வைத்திருந்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் நான் பலமாகத் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே, முன்வாங்கில் இருந்த இரண்டு பேரிடம் என்ன களை, தூணோடு நின்றவரிடம் என்ன களை என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்:

"இந்தமுறை நான் தேத்தண்ணிக்குச் சீனியை விடப்போறன்."

"போன வருசமும் அதைத்தான் விட்டனீங்கள். உயிர்த்த ஞாயிறு பின்னேரமே நாலு கரண்டி போட்டுக் குடிச்சனீங்கள்."

"அப்ப இறைச்சி."

"நான் சமைக்காட்டி இறைச்சி தானா விடுபடும்." அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நாக்கை விடுங்கோ. ஆக்களைப் பற்றிக் கதைக்கிறதை விடுங்கோ. அதுதான் உங்கட களை."

எனக்குக் கோபம் வந்தது. நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராக இருந்தேன். சத்தியக்கடதாசி தட்டச்சு செய்வது, கட்சிக்காரரை வாங்கில் இருத்தி வைப்பது, கோர்ட்டில் திகதி எடுப்பது என் வேலை. ஊரில் யாருக்கு யாரோடு வழக்கு, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை என்பதெல்லாம் என் விரல்கள் வழியாகத்தான் கடதாசியில் இறங்கும். அவற்றைத் தெரிந்து வைத்திருப்பதும், அளவாக நாலு பேருக்குச் சொல்வதும் ஒரு சமூக சேவை என்றே நம்பியிருந்தேன். அது யுத்த காலம்; வடக்கிலிருந்து தலைநகருக்கு வரும் தமிழர் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள், எந்த ரோட்டில் செக்கிங் என்று முதலில் அறிந்தவனைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். அப்படிக் கூட்டம் கூடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

"சரி, விட்டுக்காட்டிறன்" என்றேன். அவளுடைய முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

முதல் வாரம் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கதை வாய்க்கு வரும்போதெல்லாம் ஒரு கராம்பை எடுத்துக் கடைவாயில் போடுவது. திங்கட்கிழமை காலையிலேயே சட்டைப்பையில் இருந்த கராம்பு தீர்ந்துவிட்டது. புதன்கிழமை நாக்கு எரிந்து சோறு உருசிக்கவில்லை. வியாழக்கிழமை என் வழக்கறிஞர் மூக்கைச் சுழித்தபடி, "ஐசே, பல்லுக் கொதியோ? இண்டைக்கு அரை நாள் லீவு எடுத்துப் போய்ப் பல்லைப் புடுங்கும்" என்றார். பல் அல்ல, களை பிடுங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. லீவை எடுத்துக்கொண்டு கடற்கரையில் போய் இருந்தேன். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் அன்று பின்னேரம் மட்டும் என் விரதம் பழுதில்லாமல் நடந்தது.

இரண்டாம் வாரத்தில் கராம்பை விட நல்ல வழி அகப்பட்டது.

எங்களுக்கு ஒரு செபக்குழு இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். முடிவில் ஒவ்வொருவரும் தம் செபக் கருத்தைச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். மனிதரோடு கதைப்பதைத்தானே விட்டிருக்கிறேன், ஆண்டவரோடு கதைப்பதற்கு என்ன தடை? அந்த வெள்ளிக்கிழமை முதல் என் கருத்துகள் நீளத் தொடங்கின. பெயர் மட்டும் சொல்வதில்லை. அதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

"வத்தளைப் பக்கம் புது வீடு கட்டி, குடிபுக முதலே தாயும் மருமகளும் பிரிஞ்ச ஒரு குடும்பத்துக்காக மன்றாடுவோம். மூத்த மகளின்ர கலியாணப் பேச்சு ரெண்டாம் தரமும் குழம்பின ஒரு தகப்பனுக்காக, விசேசமா அவர் குடியை விடவேணும் எண்டு மன்றாடுவோம்."

ஒரு நாள் செபம் முடிந்து பற்றிஸ் சாப்பிடும்போது, குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியை என் அருகே வந்து மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அந்தத் தகப்பன் எங்கட கீழ்வீட்டுக்காரரோ?"

"ரீச்சர், அது ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன் நான். சொல்லும்போது கண்ணால் கீழே காட்டிவிட்டேன்.

வழக்கமாகப் பிந்தி வருகிறவர்கள்கூட முந்தி வரத் தொடங்கினார்கள். குழு வளர்கிறது, நானும் ஆவியில் வளர்கிறேன் என்று எண்ணினேன். அந்த மாதம் நான் கண்ணாடி பார்த்தபோது முகத்தில் ஒரு சாந்தம் இருப்பது போலவும் பட்டது.

பிறகொரு வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கூட்டம். அங்கேதான் அந்தப் பெண் என்னிடம் பேசினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தாள். ஒரு மாதமாக எங்கள் செபத்துக்கு வந்துகொண்டிருந்தாள். எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் படிக்கட்டில் மறித்தாள்.

"அண்ணா, நீங்கள் லோயரிட்ட வேலை செய்யிறீங்கள் எண்டு சொன்னவை. ஒரு விசயம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"என்ன பிள்ளை, நான் சொல்லுவனே?"

"இவர் வந்திட்டார். வழியில ஐசியைத் துலைச்சிட்டார். அடையாள அட்டை இல்லாமப் பொலிஸில பதியேலாது எண்டு லொட்ஜ்காரர் சொல்லுறார். பதியாம இருக்கிறதும் பயம். அறைக்குள்ளதான் இருக்கிறார். என்ன செய்யிறது எண்டு உங்கட சேரிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களோ?"

கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். மெய்யாகவே கேட்க நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம் சேருக்குப் பெரிய வழக்கொன்று, எனக்கும் மறதி. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வெள்ளவத்தை வீட்டில் அவளைக் கண்டபோதுதான் நினைவு வந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். அவளுக்காக ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. கருத்து நேரம் வந்ததும் கண்ணை மூடி, உருக்கமான குரலில் தொடங்கினேன்.

"அடையாள அட்டையைத் துலைச்சு, பொலிஸ் பதிவு இல்லாம, இந்த வெள்ளவத்தையிலயே ஒரு லொட்ஜ் அறைக்குள்ள ஒளிச்சிருக்கிற ஒரு சகோதரனுக்காகவும், எங்களோட சேர்ந்து செபிக்கிற அவரின்ர மனைவிக்காகவும் மன்றாடுவோம்."

மன்றாட்டு இந்தமுறை கொஞ்சம் பலமாக எழுந்தது. ரோட்டுப் பக்கத்து யன்னல் திறந்திருந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அவள் பதில் சொல்லாமல் செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். பக்தியில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். என் செபம் ஒருவரை இப்படி உருக்குகிறதே என்று எனக்கே மயிர் கூச்செறிந்தது. தேத்தண்ணிக்கு நிற்காமல் அவள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கந்தோரைத் திறந்தபோது அவள் வாசலில் நின்றாள். விடியற்காலை பொலிஸ் வந்து கணவனைக் கொண்டுபோய்விட்டதாம். அழவில்லை. "சேர் எத்தினை மணிக்கு வருவார்?" என்று மட்டும் கேட்டாள். யன்னல் திறந்திருந்ததும், செபம் முடிந்து இரண்டு பேர் என்னைக் கேள்வி கேட்டதும், நான் "கடற்கரைப் பக்கம்" என்று சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சேர் வந்து கேட்டுவிட்டு உடனே பொலிஸுக்குப் போனார். நான் பிறப்புச் சான்றிதழும் விவாகப் பதிவும் கிராம சேவகரின் கடிதமும் சேர்த்து, சத்தியக்கடதாசி தட்டினேன். அவசரத்தில் ஒரே பிழையை மூன்று தரம் விட்டேன். நான்கு நாட்கள் பொலிஸ் வாசலுக்கும் கந்தோருக்கும் நடந்தோம். அந்த நான்கு நாளும் எனக்குக் கதை ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

வியாழக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளிட்டுத் தொடங்கினேன். அந்தப் பெண் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். லொட்ஜ்காரர் எப்படிப்பட்டவர் என்றும், அந்த வெள்ளவத்தை வீட்டுக்காரி யன்னலைப் பூட்டாமல் விட்டதையும், கேள்வி கேட்ட இரண்டு பேருக்கும் ஊர் விடுப்புக் கேட்பதில் எவ்வளவு ஆசை என்றும் விளக்கினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர் இருமினார். "இவ்வளவு நேரமும் மற்ற ஆக்களின்ர பாவத்தைச் சொல்லிப்போட்டீங்கள். உங்கட பாவம் எப்ப வரும்?"

பிறகு சொன்னேன். இரண்டே வசனத்தில் முடிந்துவிட்டது. பாவப் பொறுத்தல் தர முதல் அவர், "வெளிய போய் அவவிட்ட நேர சொல்லுங்கோ. அதுதான் உங்களுக்கு அபராதம்" என்றார். நூறு செபமாலை தந்திருந்தாலும் சந்தோசமாக ஏற்றிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணவனை விட்டார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் கையால் காட்டி, "ஹரி, யண்ட" என்று போகச் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு லொட்ஜுக்குப் போனேன். அறைக்குள் இரண்டு கட்டில், ஒரு மேசை. கணவன் சுவரோடு சாய்ந்து நித்திரை. அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நான் செய்ததை எல்லாம் சொன்னேன். என்னால்தான் பொலிஸ் வந்தது, நான்தான் காட்டிக்கொடுத்தவன் என்றேன். யூதாசுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்துகொள்ளத் தயாராக வந்திருந்தேன்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, அண்டைக்கு இந்த ஒழுங்கையில இருந்த எல்லா லொட்ஜையும் செக் பண்ணினவங்கள். பதிஞ்ச ஆக்களையும் கொண்டு போனவங்கள். உங்கட செபத்தைக் கேட்டு வாறதுக்குப் பொலிஸ்காரர் என்ன வானத்துச் சம்மனசுகளோ?"

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது ஏமாற்றம். என் பாவம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதில்லையாம்.

அவள் முடிக்கவில்லை.

"ஆனா வெள்ளிக்கிழமை நீங்கள் அதைச் சொன்ன நேரம் தொடங்கி, அவங்கள் வரும்வரைக்கும் நானும் இவரும் நித்திரை கொள்ளேல்லை. ஆர் கேட்டது, ஆர் போய்ச் சொல்லுவினம் எண்டு ஒவ்வொரு முகமா யோசிச்சனாங்கள். நல்ல ஆக்களையும் சந்தேகப்பட்டனாங்கள். அந்த மூண்டு நாள் உங்கட வேலை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "மன்னிச்சிட்டன்" என்றாள். "கடிதம் அடிச்சுத் தந்ததுக்கும் நன்றி." இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். பழப்பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் செபத்துக்கு வரவில்லை. என் முறை வந்தபோது, கருத்து ஒன்றும் இல்லை என்றேன். அறையில் ஒரு சலசலப்பு. பிறகு ரீச்சர் தட்டை நீட்டியபடி, "அந்தப் பிள்ளையின்ர மனுசன் என்னமாதிரி வெளிய வந்தவர்?" என்று கேட்டார். பொலிஸ் வாசல், சேர், சத்தியக்கடதாசி, நடுவில் நான் என்று முழுக் கதையும் ஒரு படம் போல என் வாயில் வந்து நின்றது. அதில் நான் மிக நன்றாக இருந்தேன்.

"சுகமா இருக்கினம், ரீச்சர்" என்றேன்.

"அது தெரியும். எப்பிடி—"

"சுகமா இருக்கினம்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார். ஒரு சின்னப் பதிலுக்கு இவ்வளவு வியர்க்குமா என்று இருந்தது. களை பிடுங்குவது என்றால் பக்தியாக ஏதோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது இதுதான்: எல்லாம் தெரிந்த மனிதன் என்ற பெருமையை ஒரு பின்னேரம் மட்டும் நான் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை மறுபடி பசித்தது. சில கிழமைகளில் சாப்பிட்டும் விட்டேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, வெள்ளவத்தையில் லொட்ஜ்காரரை பஸ் தரிப்பில் கண்டேன். அந்தத் தம்பதி எப்படி என்று விசாரித்தேன்.

"அவை போய் மூண்டு கிழமை. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. வீடு வரும்வரைக்கும் மனம் குமுறியது. இவ்வளவு நடந்திருக்கிறேன், ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார்களே என்று மனைவியிடம் முறையிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், போக முதல்நாள் வந்தவை. நீங்கள் கந்தோரில. தேத்தண்ணி குடிச்சு, ரெண்டு பேரும் முழந்தாளில நிண்டு செபம் சொல்லிப்போட்டுப் போனவை."

"மூண்டு கிழமையா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பத்திரமாப் போய்ச் சேரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவை. முந்தநாள்தான் கோல் வந்தது."

"ஒருத்தருக்கும் எண்டா அதில நானுமோ" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு படுக்கை விரிப்பின் மறு நுனியைப் பிடித்தேன்.